மைனஸ் 30 இரவு: லாரி எஞ்சினை ஓடவிடுவதா, அணைத்துவிட்டு ஹீட்டரை நம்புவதா?

கடுங்குளிரில் முதல் பருவம் லாரி ஓட்டப் போகிறவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. இரவு வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தூங்கும்போது எஞ்சினை அணைக்கலாமா? அனுபவப்பட்ட டிரைவர், "அணைத்தால் காலையில் கிளம்பாது, ஓடட்டும்" என்கிறார். வண்டி உரிமையாளர் டீசல் கணக்கைக் காட்டி, "அணைத்துவிடு" என்கிறார். ஹீட்டர் பொருத்துகிறவர், "இது இருந்தால் போதும்" என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு இரவை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் என் எண்ணம் ஒன்று உண்டு. எந்த வழியைப் பிடித்தாலும், அது நள்ளிரவில் நின்றுபோனால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதைப் படுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கீழே ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

குளிர் வண்டியை என்ன செய்கிறது என்று தெரிந்தால் அளவுகோல் தானாக வந்துவிடும்.

எஞ்சின் ஆயில் கெட்டியாகிறது. ஆயில் டப்பாவில் டபிள்யூவுக்கு முன் இருக்கும் எண் அதன் குளிர்காலத் தரம்; எண் குறையக் குறைய அதிகக் குளிரைத் தாங்கும். 15டபிள்யூ ஆயிலுக்குக் குளிரில் சுழற்றிப் பார்க்கும் சோதனை மைனஸ் 20 டிகிரியில்தான் நடக்கிறது. 10டபிள்யூ என்றால் மைனஸ் 25, 5டபிள்யூ மைனஸ் 30, 0டபிள்யூ மைனஸ் 35. அதாவது மைனஸ் 30 இரவில் 15டபிள்யூ-40 ஆயிலோடு நிற்கும் எஞ்சினை அசைப்பதே பெரும் பாடு. அதே நேரத்தில் பேட்டரியும் தளர்ந்துபோகிறது. ஈய அமில பேட்டரி மைனஸ் 18லேயே தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திக் கிடைக்கும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். செல்ப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். பற்றாது.

ஆகவே முதல் அளவுகோல், தூங்குகிறவரின் உயிர். கேபின் சூடாக இருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடாது. இரண்டாவது, காலையில் எஞ்சின் கிளம்ப வேண்டும். மூன்றாவது பலரும் யோசிக்காதது: இந்த ஏற்பாடு எப்படிக் கைவிடும்? எச்சரித்துவிட்டு நிற்குமா, சத்தமில்லாமல் நிற்குமா? நான்காவது செலவு. பில்லில் தெரிவதும், ஆறு மாதம் கழித்து ஒர்க்‌ஷாப்பில் தெரிவதும் இரண்டும் சேர்த்து. ஐந்தாவது, நிற்கும் இடம்: மின் இணைப்பு உண்டா, எஞ்சினை ஓடவிட அங்கே அனுமதி உண்டா. நான் இந்த வரிசையிலேயே எடை போடுகிறேன். செலவை முதலில் வைத்து முடிவு செய்தவர்கள் ஒரு மோசமான இரவுக்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

## வழி 1: இரவு முழுக்க எஞ்சினை ஓடவிடுவது

இதன் பெரிய பலம், புதிதாக எதையும் மாட்ட வேண்டியதில்லை. கேபினுக்குச் சூடு, பேட்டரிக்குச் சார்ஜ், பிரேக்குக்குக் காற்று, டேங்குக்குத் திரும்பி வரும் சூடான டீசல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிடைக்கின்றன. காலையில் கிளம்புமா என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் அது நிற்கவே இல்லை.

பெரிய எஞ்சின் ஐடிலிங்கில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் குடிக்கும். வேகத்தைக் கூட்டி வைத்தால் இன்னும் அதிகம். பத்து மணி நேர ஓய்வுக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கண்ணுக்குத் தெரியும் செலவு.

தெரியாத செலவுதான் பெரிது. சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 600, 700 சுற்றில் ஓடும் டீசல் எஞ்சின், மைனஸ் 30ல் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட வெப்பம் உண்டாக்காது. கூலண்டின், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவத்தின், சூடு மெல்ல இறங்கும். சிலிண்டர் குளிர்ந்ததும் டீசல் முழுக்க எரியாது. எரியாதது ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், மீதி கரியாகிப் புகைவடிகட்டியை அடைக்கும். கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுகிறவர்கள் இந்த மணி நேரங்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் ஓடவிடுவது என்று முடிவு செய்தால் 1000 சுற்றை ஒட்டி ஏற்றி வையுங்கள். முன் கிரில்லுக்குக் குளிர்கால மூடியைப் போடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து ஆவி வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அந்த ஆவியில் ஈரம் இருக்கிறது. மைனஸ் 40ஐ நெருங்கும்போது குழாயின் வாயில் பனிக்கட்டி படிந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, கிராங்க் சீலைத் தள்ளி ஆயிலைக் கொட்டிவிடும். தூங்கிக்கொண்டிருக்கும் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்து வையுங்கள். காற்று நேராக மோதும் இடத்தில் இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி வெப்ப உறை சுற்றச் சொல்லுங்கள்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைக்குழாய் மேல் நோக்கி இருந்தால் ஆபத்து குறைவு. சேசிஸுக்கு அடியில் முடியும் வண்டியில், காற்றில் அடித்துவரும் பனி சக்கரம்வரை குவிந்தால் புகை கேபின் தரைக்கடியில் தேங்கும். பக்கத்தில் நிற்கும் வண்டியின் புகையும் உங்கள் கேபினுக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. பேட்டரியில் ஓடும் சிறிய அலாரம் ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பல ஊர்களில் எஞ்சினைச் சும்மா ஓடவிட மூன்று, ஐந்து நிமிடம் என்று வரம்பு இருக்கிறது. கடுங்குளிருக்கு விலக்கு தரும் இடங்களும் உண்டு, தராத இடங்களும் உண்டு. போகும் பாதையின் விதியை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

## வழி 2: மின்சார பிளாக் ஹீட்டர்

எஞ்சின் பிளாக்குக்குள் செருகிய ஒரு சூட்டுக் கம்பி. பெரிய எஞ்சினுக்கு 1000 முதல் 1500 வாட் வரை இருக்கும். கூலண்டைச் சூடாக்கும், அதன் வழியாகச் சிலிண்டர் சுவர்கள் சூடாகும். எளிமையானது, விலை குறைந்தது, எஞ்சின் தேய்மானத்தைக் குறைக்க இதைப்போல நல்லது எதுவுமில்லை. டைமர் வைத்துக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு ஓடவிட்டால் பெரும்பாலான இரவுகளுக்குப் போதும். மைனஸ் 35க்குக் கீழே, அதுவும் காற்று அடித்தால், இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

ஆனால் கேபினுக்கு இது ஒன்றும் செய்யாது. பேட்டரியையும் டீசல் டேங்கையும் தொடாது. அதற்கென்று பேட்டரிப் போர்வை, ஆயில் சட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டுத் தகடு என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் மின் சுமையும் ஏறும் என்பதை மறக்கக்கூடாது.

கைவிடுவது பெரும்பாலும் வயரில்தான். சாதாரண பிளாஸ்டிக் உறை போட்ட நீட்டிப்பு வயர் கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் மின்னழுத்தம் குறைந்து ஹீட்டர் அரைகுறையாகச் சூடாகும், பிளக் உருகும். குளிருக்கென்றே செய்த தடித்த வயரை வாங்குங்கள். செருகிய பிறகு எஞ்சின் பக்கம் காதை வைத்தால் ஓரிரு நிமிடத்தில் மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்டால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். சில நிறுத்துமிடங்களில் மின்சாரத்தைச் சிறிது நேரம் விட்டு விட்டுத்தான் தருவார்கள். நீங்கள் செருகும் நேரத்தில் அது ஓய்விலும் இருக்கலாம். அப்புறம், காலையில் வயரைப் பிடுங்காமல் வண்டியை எடுத்துவிடுவது. இதற்கு ஒரே மருந்து, செருகியதும் ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டி வைப்பது.

டிப்போவிலோ யார்டிலோ தினமும் ஒரே இடத்தில் நிறுத்தி, வீட்டிலோ அறையிலோ போய்த் தூங்குகிறவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நெடுஞ்சாலையில் கேபினில் தூங்குகிறவருக்கு இது துணை மட்டுமே.

## வழி 3: டீசலில் எரியும் ஹீட்டர்

வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் போன்ற பெயர்களில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதுதான். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்று காற்று ஹீட்டர். கேபின் காற்றை மட்டும் சூடாக்கும். 2 கிலோவாட் அளவு, மணிக்கு 0.1 முதல் 0.3 லிட்டருக்குள் டீசல் போதும். இரவு முழுக்க இரண்டு மூன்று லிட்டரில் முடிந்துவிடும். நிம்மதியாகத் தூங்கலாம், ஆனால் காலையில் எஞ்சின் கல்லாகத்தான் இருக்கும். மற்றொன்று கூலண்ட் ஹீட்டர். 5 கிலோவாட், 9 கிலோவாட் அளவுகளில் வரும். முழு வேகத்தில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல், பெரியது ஒரு லிட்டரை ஒட்டி எடுக்கும். இது எஞ்சினைச் சூடாக்கும், கேபின் ஹீட்டர் வழியாக உள்ளேயும் சூடு தரும். மைனஸ் 25க்குக் கீழே வேலை என்றால் இரண்டும் தேவை. இரவெல்லாம் காற்று ஹீட்டர், கிளம்புவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு கூலண்ட் ஹீட்டர். எனக்குத் தெரிந்து கேபினில் தூங்குகிறவருக்கு டீசலையும் எஞ்சினையும் ஒன்றாகக் காப்பாற்றும் ஏற்பாடு இதுவே.

எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியே விடும் மூடிய அமைப்பு என்பதால் ஒழுங்காகப் பொருத்தினால் பாதுகாப்பானது. ஒழுங்காக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. புகைக்குழாய் இணைப்பு கேபினுக்குள் வரவே கூடாது. மலிவான நகல்களில் இணைப்பு இறுக்கம் சரியாக இருப்பதில்லை. அலாரம் இங்கேயும் வேண்டும்.

இதன் பலவீனம் பேட்டரி. ஹீட்டர் ஓடும்போது எடுப்பது கொஞ்சம்தான். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் அதிகமாக இழுக்கும். ஆனால் அதே பேட்டரியில் இன்வெர்ட்டர், சிறு ஃபிரிட்ஜ், விளக்கு, லேப்டாப் எல்லாம் தொங்குகின்றன. என் முதல் குளிர்காலத்தில் மைனஸ் 31ல் அதிகாலை மூன்று மணிக்கு மூக்கு வலித்து விழித்தேன். ஹீட்டர் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். பக்கத்தில் நின்ற டிரைவரைத் தட்டி எழுப்பி, அவர் வண்டியிலிருந்து வயர் போட்டுத்தான் கிளப்பினோம். பிறகுதான் கணக்குப் புரிந்தது: 12 வோல்ட் வண்டியில் ஹீட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் அளவு சுமார் 10.5 வோல்ட், 24 வோல்ட் வண்டியில் சுமார் 21. செல்ப் சுழற்றத் தேவையான பலம் அதற்கு வெகு முன்பே தீர்ந்திருக்கும். ஹீட்டர் நின்ற நொடியில் மாற்று வழியும் சேர்ந்தே போய்விடுகிறது. அன்றிலிருந்து மின்னழுத்தம் 12.2க்குக் கீழே போனதும் கத்தும் ஒரு சிறு கருவி இல்லாமல் நான் படுப்பதில்லை. அது கத்தினால் எழுந்து எஞ்சினைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுவேன்.

இறங்கிப்போன பேட்டரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுச் சார்ஜில் உள்ளது மைனஸ் 50ல்கூட உறையாது. காலியானது மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்துவிடும். உறைந்து புடைத்த பேட்டரிக்கு வயர் போட்டால் வெடிக்கலாம். போடாதீர்கள்.

பராமரிப்பில் சில விஷயங்கள். எப்போதும் மெல்லிய தீயிலேயே ஓடினால் உள்ளே கரி படியும், அவ்வப்போது முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சுவிட்சை அணைக்காதீர்கள். அது தன்னைக் குளிர்வித்துக்கொண்டு நிற்க நேரம் வேண்டும். டீசல் நிரப்பும்போது மட்டும் கட்டாயம் நிறுத்தியிருக்க வேண்டும்.

## வழி 4: துணை எஞ்சின்

சேசிஸ் ஓரத்தில் தொங்கும் சிறிய டீசல் எஞ்சின். மணிக்கு ஒரு லிட்டருக்குள்ளாகவே குடித்து, சூடு, சார்ஜ், வெயில் காலத்தில் ஏசி மூன்றையும் தரும். வாங்கும் விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். சுமார் 200 கிலோ எடையும் கூடும். அதற்கென்று தனி ஆயில், ஃபில்டர், பெல்ட் உண்டு. கடுங்குளிரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குட்டி எஞ்சினை யார் கிளப்புவது? பெரிய எஞ்சினின் கூலண்டோடு இணைத்த வகை என்றால் ஒன்று மற்றதைச் சூடாக வைக்கும். தனியாக நிற்பது என்றால் அதுவும் மைனஸ் 35ல் திணறும். பேட்டரியில் ஓடும் வகைகள் வெயிலுக்குத்தான் அதிகம் உதவும். லித்தியம் செல்லைப் பூஜ்யத்துக்குக் கீழே சூடாக்காமல் சார்ஜ் செய்யக்கூடாது.

வருடத்தில் பாதி குளிர், பாதி கொதிக்கும் வெயில் என்று இரண்டிலும் ஓட்டுகிறவருக்கு இது கட்டுப்படியாகும். குளிருக்கு மட்டும் என்றால் மூன்றாவது வழி போதும்.

## வழி 5: சூடான கொட்டகை

கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரு பொறி உண்டு. உள்ளே பனி உருகி பிரேக் டிரம்முக்குள் தண்ணீராக நிற்கும். அப்படியே மைனஸ் 30க்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பலமுறை மிதித்துக் காய வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | மணிக்கு டீசல் | கேபின் சூடு | காலையில் எஞ்சின் | எப்படிக் கைவிடும் |
|---|---|---|---|---|
| ஓடவிடுவது | சுமார் 3 லிட்டர் | உண்டு | ஓடிக்கொண்டே இருக்கும் | மூச்சுக்குழாய் அடைப்பு, டீசல் கெட்டியாதல் |
| பிளாக் ஹீட்டர் | இல்லை | இல்லை | எளிதாகக் கிளம்பும் | வயர், பிளக், மின்தடை. சத்தமே இருக்காது |
| காற்று ஹீட்டர் மட்டும் | 0.1 – 0.3 லிட்டர் | உண்டு | கடினம் | பேட்டரி இறங்கினால் |
| காற்று + கூலண்ட் ஹீட்டர் | கூலண்ட் ஹீட்டர் ஓடும்போது 1 லிட்டரை ஒட்டி | உண்டு | எளிதாகக் கிளம்பும் | பேட்டரி, டீசல் கெட்டியாதல் |
| துணை எஞ்சின் | 1 லிட்டருக்குள் | உண்டு | இணைத்த வகையில் எளிது | அதுவே கிளம்பாமல் போவது |
| கொட்டகை | இல்லை | அறைச் சூடு | எளிது | வெளியே வந்தபின் பிரேக் உறைதல் |

## இவை எதுவும் தீர்க்காத ஒன்று: டீசல்

அட்டவணையில் 'டீசல் கெட்டியாதல்' இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஹீட்டரும் எஞ்சினும் ஒரே டேங்கிலிருந்து குடிக்கும்போது, டீசலில் மெழுகு பிரிந்து ஃபில்டர் அடைத்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 590ல் கடுங்குளிர் டீசலுக்கு 0 முதல் 4 வரை வகுப்புகள் உண்டு. 0 வகுப்பு மைனஸ் 20 வரை ஃபில்டரில் ஓடும், 4ஆம் வகுப்பு மைனஸ் 44 வரை. மெழுகு கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது அதற்குப் பத்து டிகிரி முன்பே. மிதமான ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு குளிருக்குள் ஏறுகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். டேங்கில் கால்வாசி இருக்கும்போதே குளிர் பகுதியின் டீசலை நிரப்புங்கள். கெட்டியாகாமல் தடுக்கும் மருந்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கெட்டியான பிறகு அது பயன்படாது. பெட்ரோல் கலப்பது தீயை அழைப்பது. எஞ்சினைக் கிளப்ப அடிக்கும் ஈதர் ஸ்பிரேயும் அப்படித்தான்: குளோ பிளக்கோ (சிலிண்டரைச் சூடாக்கும் கம்பி) காற்றைச் சூடாக்கும் கம்பியோ உள்ள எஞ்சினில் அது உள்ளேயே வெடிக்கலாம்.

புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11லேயே உறையும். அதற்காகப் பயப்பட வேண்டாம், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கூலண்ட் சூட்டில் அது உருகிவிடும். உறையும்போது விரியும் என்பதால் டேங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள், அது போதும்.

## யாருக்கு எது

தினமும் ஒரே யார்டுக்குத் திரும்புகிறவர், மைனஸ் 30 வரை: பிளாக் ஹீட்டர், பேட்டரிப் போர்வை, 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ ஆயில். எஞ்சினுக்கு எந்த ஆயிலுக்கு அனுமதி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடவிடுவதற்குக் காரணமே இல்லை.

நெடுந்தூரம் போய்க் கேபினில் தூங்குகிறவர், மைனஸ் 15 முதல் 35 வரை: காற்று ஹீட்டரும் கூலண்ட் ஹீட்டரும் சேர்ந்து, மின்னழுத்த அலாரத்தோடு. மின் இணைப்பு உள்ள நிறுத்துமிடம் கிடைத்தால் பிளாக் ஹீட்டரையும் செருகுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் காற்று ஹீட்டரை வாங்குங்கள். எஞ்சினை வேறொருவர் வந்து கிளப்பலாம். தூங்குகிறவரை யாரும் மீண்டும் கிளப்ப முடியாது.

சொந்த வண்டி இல்லாமல் நிறுவன வண்டியை ஓட்டுகிறவர், ஹீட்டர் எதுவும் இல்லை என்றால்: ஓடவிடுவது தவிர வேறு வழி இல்லை, அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஓடிய மணி நேரத்தை எழுதி வைத்து, ஆயில் மாற்றும்போது காட்டுங்கள். அடுத்த வருடம் ஹீட்டர் கேட்கும்போதும் அந்தக் கணக்கே பேசும்.

மைனஸ் 40ஐத் தாண்டிய, அடுத்த மனிதர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாலை என்றால் என் முடிவு வேறு. எஞ்சினை அணைக்காதீர்கள். ஹீட்டரையும் கூடவே ஓடவிடுங்கள். இங்கே ஹீட்டர்தான் மாற்று ஏற்பாடு. குறைந்தது அரை டேங்க் டீசல், ஒரு மாற்று ஃபில்டர், அந்தக் குளிருக்கென்று மதிப்பிட்ட தூக்கப்பை, இரண்டு நாள் சாப்பாடு, உறையாமல் வைத்த தண்ணீர். படுக்கும் முன் ஒருமுறை இறங்கி மூச்சுக்குழாய், புகைக்குழாய், சக்கரத்தடியில் பனி மூன்றையும் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்து எழுந்து மீண்டும் பாருங்கள். இரண்டும் நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தூக்கப்பைக்குள் போய், கேபின் சூடு இருக்கும்போதே உதவிக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். போனை உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், அதன் பேட்டரிக்கும் குளிரும்.